நிக்கலா, ட்ரிட்டியமா, புளூட்டோனியமா: சார்ஜ் கேட்காத பேட்டரிகள்

2024 ஜனவரியில் சீனாவின் பீட்டாவோல்ட் நிறுவனம் 50 வருஷம் ஓடும் அணு பேட்டரியை அறிவித்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வருவதற்குள் அது செல்போன் பேட்டரி ஆகிவிட்டது. உண்மையில் அது தருவது 100 மைக்ரோவாட். 15 வாட்-மணி போன் பேட்டரியை அதை வைத்து ஒரு தடவை நிரப்ப 17 வருஷம் ஆகும்!

அதற்காகக் கேலி செய்து ஒதுக்கவும் முடியாது. ஒன்றரை சென்டிமீட்டர் சதுரம், அரை சென்டிமீட்டர் தடிமன். 50 வருஷத்தில் சொட்டுச் சொட்டாக அது தருவதைக் கூட்டினால் 35 வாட்-மணியைத் தாண்டும். ஏறக்குறைய அதே இடத்தை அடைக்கும் சிஆர்2032 பட்டன் செல்லில் இருப்பது முக்கால் வாட்-மணிகூட இல்லை.

வேலை செய்யும் விதம் சோலார் பேனல் மாதிரிதான். வெயிலுக்குப் பதில் நிக்கல்-63 (நிக்கலின் கதிரியக்க வகை) உமிழும் எலெக்ட்ரான்கள் குறைக்கடத்தியில் மோதி மின்சாரம் உண்டாக்குகின்றன. இவை வலுவற்றவை, மெல்லிய உலோக உறையே தடுத்துவிடும்.

எதை எரிபொருளாக வைப்பது என்பதில்தான் சிக்கல். மெதுவாகச் சிதைந்தால் ஆயுள் நீளும், வாட் சுருங்கும். நிக்கல்-63இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 100 வருஷம். ஒரு கிராம் வெளியிடும் ஆற்றல் 6 மில்லிவாட்டுக்குள். ஹைட்ரஜனின் கதிரியக்க வகையான ட்ரிட்டியம் கிராமுக்கு 300 மில்லிவாட்டுக்கு மேல் கொடுக்கும், ஆனால் 12.3 வருஷத்தில் பாதியாகிவிடும். போதாததற்கு அது வாயு, பெரும்பாலும் உலோகத்தில் ஊறவைத்துத்தான் அடைக்கிறார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு வைரத்துக்குள் வைத்த கார்பன்-14க்கு அரை ஆயுள் 5,700 வருஷம். கிராமுக்கு ஒரு மில்லிவாட் சொச்சம்தான். எந்தக் கருவி அத்தனை காலம் உழைக்கப் போகிறது? இவை எல்லாம் மொத்த ஆற்றல் கணக்கு. மின்சாரமாகத் தேறுவது அதில் கொஞ்சமே.

புளூட்டோனியம்-238 வேறு ரகம். அதன் சூட்டைத்தான் மின்சாரமாக்குகிறார்கள். கிராமுக்கு அரை வாட்டுக்கு மேல் சூடு. 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இன்றும் அதில்தான் ஓடுகின்றன. 1970இல் பாரிஸில் ஒரு நோயாளிக்குப் பொருத்திய பேஸ்மேக்கரிலும் அதுதான். ஆயுள் பிரமாதம். ஆனால் நோயாளி இறந்தால் உடலை எரிப்பதற்கு முன் கருவியை மறக்காமல் வெளியே எடுக்க வேண்டும். பல வருஷம் தாங்கும் லித்தியம் பேட்டரி வந்ததும் மருத்துவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

பாலத்துக்குள் புதைத்து மறந்துவிடும் சென்சாருக்கு என் ஓட்டு நிக்கலுக்கே. மாற்ற ஆள் போக முடிகிற இடம் என்றால் லித்தியம் போதும்.