மூன்று பொக்லைன், 9 வருடம்: பராமரிப்பில் எது கையைக் கடித்தது?

எந்தக் கம்பெனி வண்டி பராமரிப்புக்குக் குறைவாகச் செலவு வைக்கும் என்று கேட்காமல் யாரும் பொக்லைன் வாங்குவதில்லை. நானும் பத்துப் பேரிடம் கேட்டேன். பத்துப் பேரும் அவரவரிடம் இருந்த வண்டியையே சொன்னார்கள். இப்போது 20 டன் வகுப்பில் மூன்று வெவ்வேறு கம்பெனி வண்டிகளை 9 வருடமாக ஓட்டிவிட்டேன். ஒன்று 11,000 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது, மற்ற இரண்டும் 8,000-ஐ ஒட்டி நிற்கின்றன. ஹவர் மீட்டர், மாற்றிய பாகம், ஆன செலவு என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டு வருடம் கழித்துதான் அதில் இன்னொரு கட்டம் போட்டேன்: வண்டி எத்தனை நாள் நின்றது. அதற்கப்புறம்தான் கணக்கே பிடிபட ஆரம்பித்தது.

என் வண்டிகளில் வந்த பழுதுகளைச் சொல்லும் இடத்தில் கம்பெனி பெயர் போடவில்லை. ஒரே ஒரு வண்டியை வைத்து ஒரு கம்பெனியை எடைபோடுவது நியாயமில்லை. அந்தப் பழுதுகளில் பாதிக்கு மேல் எங்கள் கையால் வந்தவை.

கம்பெனிக்குக் கம்பெனி பெரிய வித்தியாசம் இருக்கும் என்று நான் எதிர்பார்த்தது வழக்கமான சர்வீஸில். அங்கே சொல்லும்படி ஒன்றும் இல்லை. இன்ஜின் ஆயில் 500 மணி, ஹைட்ராலிக் ஃபில்டர் 1,000 மணி, வண்டியை நகர்த்தும் டிராவல் மோட்டாரின் கியர் ஆயில் 2,000 மணி என்று இந்த வகுப்பில் பெரும்பாலான கையேடுகள் இதைச் சுற்றியேதான் இருக்கும். பூமையும் பக்கெட்டையும் அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் ஆயிலின் கெடுதான் கொஞ்சம் மாறும். கோமாட்சு பிசி200-8, ஹிட்டாச்சி ஆகியவற்றில், அவர்கள் சொல்கிற ஆயிலை ஊற்றினால் 5,000 மணி. கேட்டர்பில்லர் தன்னுடைய ஆயிலுக்கு 3,000 மணி சொல்கிறது, லேபில் சோதித்துக்கொண்டே வந்தால் 6,000 வரை நீட்டலாம் என்கிறது. ஆனால் பிரேக்கர் மாட்டிப் பாறை உடைத்தால் இந்தக் கெடு எதுவும் நிற்காது. முழுநேரம் பிரேக்கர் ஓடினால் 1,000 மணிக்குள்ளேயே ஆயில் மாற்ற வேண்டிவரும். அதற்கான அட்டவணையும் கையேட்டிலேயே இருக்கிறது, நாம்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

6,000 மணிக்கு மேல் கதை மாறும். அங்கேதான் கம்பெனி வித்தியாசம் வெளியே வருகிறது, அதுவும் பலர் நினைக்கிற மாதிரி இல்லை. வெளியே பெயின்ட் வேறு, உள்ளே பல வண்டிகளுக்கு ஒரே இதயம். ஹிட்டாச்சி இசட்எக்ஸ்200-3 வண்டியில் இருக்கும் இசுசு 4எச்கே1 இன்ஜின் ஜேசிபி, கேஸ், சுமிட்டோமோ வண்டிகளிலும் வந்திருக்கிறது. ஹூண்டாயின் பல மாடல்களில் கம்மின்ஸ் இன்ஜின். கவாசாகியின் கே3வி112 என்கிற ஹைட்ராலிக் பம்ப் ஹூண்டாய், வால்வோ, கோபெல்கோ என்று பல பெயர்ப்பலகைகளுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. இப்படிப் பொதுவான பாகம் உள்ள வண்டிக்கு நாலு இடத்தில் சீல் கிட், பிஸ்டன், வால்வ் பிளேட் கிடைக்கும். பிரித்து மாட்டிப் பழகிய மெக்கானிக்கும் கிடைப்பார். கோமாட்சு பம்ப், மோட்டார், வால்வ் எல்லாவற்றையும் தானே செய்கிறது. ஒன்றுக்கொன்று பொருந்தி ஓடுவதில் அதற்கு ஒரு நேர்த்தி உண்டு, பழுது வந்தால் யாரிடம் கேட்பது என்ற குழப்பமும் இல்லை. ஆனால் பாகத்துக்குத் தட்ட வேண்டிய கதவு பெரும்பாலும் ஒன்றுதான். அந்தக் கதவு உங்களுக்குப் பக்கத்தில் இருந்தால் அது பலம், தள்ளி இருந்தால் செலவு.

இனி பம்ப் கதை. என் இரண்டாவது வண்டி, மீட்டர் 5,900 சொச்சம். "அண்ணே, காலையில நல்லாத்தான் இருக்கு, மதியத்துக்கு மேல சோம்பேறி ஆகிடுது" என்றார் ஆபரேட்டர். ஆயில் சூடேறி இளகியதும் வேகம் விழுந்தால் பம்ப் உள்ளே தேய்ந்து கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ரிட்டர்ன் ஃபில்டரைக் கழற்றி, தகரத்தை அறுத்து, உள்ளே இருந்த மடிப்புத் தாளைச் செய்தித்தாள் மேல் விரித்தோம். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மடிப்புக்கு மடிப்பு தங்கப் பொடி தூவியது போல மின்னியது. அது பம்ப் பிஸ்டனின் அடியில் இருக்கும் ஸ்லிப்பர் ஷூ உதிர்த்த பித்தளை. அவசரம். வேலை நிற்கக் கூடாது. பம்பை மாற்றினோம், ஃபில்டரை மாற்றினோம், டேங்க் ஆயிலை மாற்றினோம், ஓட்டிவிட்டோம். 280 மணி நேரத்தில் புதுப் பம்பிலும் அதே சோம்பேறித்தனம்.

டேங்கில் இருப்பது ஆயிலில் பாதிதான். மீதி பூம், ஆர்ம், பக்கெட் சிலிண்டர்களிலும் குழாய்களிலும் கூலரிலும் இருக்கிறது. பித்தளைப் பொடி அங்கெல்லாம் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்து புதுப் பம்பையும் அரைத்துவிட்டது. இரண்டாம் முறை கூலரையே மாற்றினோம். சிலிண்டர் ஒவ்வொன்றையும் குழாய் கழற்றி வடித்தோம், கன்ட்ரோல் வால்வைப் பிரித்துக் கழுவினோம், முதல் 100 மணி நேரத்துக்குள் மூன்று ஃபில்டர் போட்டோம். அதற்குப் பிறகு 2,000 மணி ஓடிவிட்டது, தொந்தரவு இல்லை. நோட்டில் அந்த ஒரு பழுது, அதே வண்டியின் இரண்டு வருட ஆயில், ஃபில்டர் செலவைத் தாண்டிவிட்டது. எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் நான் செய்த வேலைக்கு அது அப்படித்தான் பதில் சொல்லியிருக்கும்.

அடுத்தது அடிப்பகுதி. பொக்லைனின் ஆயுள் முழுக்க ஆகிற பராமரிப்பில் பாதி வரை செயின், அதைத் தாங்கும் ரோலர், முனையில் அதைத் திருப்பும் ஐட்லர், அதை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் இவற்றுக்கே போகலாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். என் நோட்டும் கிட்டத்தட்ட அதையேதான் காட்டுகிறது. இந்தப் பகுதியில் கம்பெனிப் பெயரைவிட மண் பெரியது. முதல் வண்டி சரளையிலும் பாறையிலும் ஓடியது, மூன்றாவது களிமண்ணில். வாங்கும்போது யாரும் சொல்லாத ஒன்று: செயினை இறுக்கி வைத்தால் நல்லது என்று நினைப்பது பெரிய தப்பு. கழன்றுவிடுமோ என்ற பயத்தில் ஆபரேட்டர்கள் கிரீஸ் அடித்து இறுக்கிவிடுவார்கள். அப்போது ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் பாரத்தோடு உரசித் தேயும். பிசி200 கையேட்டில் ஐட்லருக்கும், செயினின் மேல்பக்கத்தைத் தாங்கும் கேரியர் ரோலருக்கும் நடுவே 10 முதல் 30 மில்லிமீட்டர் தொய்வு இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். மற்ற கம்பெனிகள் வேறு இடத்தில், வேறு விதமாக அளக்கச் சொல்கின்றன. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சாயங்காலம் சேற்றைச் சுரண்ட 20 நிமிடம் ஒதுக்குவதை நான் கட்டாயமாக்கினேன். காய்ந்த களிமண் ரோலரைச் சுற்ற விடாமல் பிடித்துக்கொள்ளும். சுற்றாத ரோலர் மேல் செயின் வழுக்கி, ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்துவிடும். கொஞ்ச தூரம் வண்டியை நகர்த்தி நிறுத்தியதும் ரோலர்கள் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் சுட்டால், அதன் சீல் போய் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம். ஒரு ரோலரோடு முடிகிற செலவு அது. விட்டுவிட்டால் செயினையும் சேர்த்துத் தின்னும்.

இரண்டு ஆபரேட்டர்களை ஒருமுறை வண்டி மாற்றி உட்கார வைத்தேன். ஏழெட்டு மாதத்தில் நோட்டு தலைகீழானது. அதுவரை குறைந்த செலவு வைத்த வண்டி பக்கெட் பின், புஷ், ஹோஸ் என்று கேட்க ஆரம்பித்தது. "தண்டச் செலவு" என்று நான் திட்டிக்கொண்டிருந்த வண்டி அமைதியானது. ஆள் கூடவே செலவும் இடம் மாறிவிட்டது. நல்ல ஆபரேட்டர் சிலிண்டரைக் கடைசி வரை நீட்டி மோத மாட்டார், பக்கெட்டால் பக்கவாட்டில் அடித்து மண் தள்ள மாட்டார், ஒரு செயினை மட்டும் ஓட்டி நின்ற இடத்தில் திருப்ப மாட்டார். அவர் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டபோது நான் மறுபேச்சு பேசவில்லை.

வண்டி நின்ற நாள் கட்டத்துக்கு வருகிறேன். மூன்றாவது வண்டி, கட்டை விரல் அளவுள்ள ஒரு பிரஷர் சென்சாருக்காக 17 நாள் நின்றது. முதல் வண்டிக்கு, மேல்பகுதியைச் சுழற்றும் ஸ்விங் மோட்டார் போன்ற பெரிய பாகமே மூன்றாம் நாள் வந்துவிட்டது. பாக விலையை மட்டும் பார்த்தால் மூன்றாவது வண்டிதான் சிக்கனம். நின்ற நாளின் வாடகை இழப்பையும் சேர்த்து, ஓடிய மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தால் வரிசையே மாறிவிடுகிறது.

இப்போது வருகிற வண்டிகளில் இன்ஜின் புகையைச் சுத்தம் செய்யும் டிபிஎஃப், யூரியா ஊற்றும் எஸ்சிஆர் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. டீசலில் தண்ணீர் கலந்தால், டீசலை அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜெக்டரும் தாங்காது. எந்தக் கம்பெனி என்றாலும் தினம் காலையில் வாட்டர் செபரேட்டரை வடிப்பதுதான் வழி.

தொலைவிலிருந்து வண்டியைப் பார்க்கும் வசதியையும் பயன்படுத்துங்கள். கோமாட்சுவின் கோம்ட்ராக்ஸ், கேட்டர்பில்லரின் புராடக்ட் லிங்க், ஹிட்டாச்சியின் கான்சைட், வால்வோவின் கேர்டிராக் என்று பெயர்தான் வேறு. என் வண்டி ஒன்று ஓடிய நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு சும்மா ஐட்லிங்கில் உறுமிக்கொண்டிருந்தது அதில்தான் தெரிந்தது. அந்த மணியும் மீட்டரில் ஏறுகிறது, சர்வீஸும் அதற்கேற்ப சீக்கிரம் வருகிறது. லாரிக்குக் காத்திருக்கும்போது அணைத்து வைக்கச் சொன்னேன், அடுத்த சர்வீஸ் தேதி தானாகவே தள்ளிப்போனது.

போன வருடம் நான்காவது வண்டி எடுக்கும்போது எந்தக் கம்பெனி என்று யாரிடமும் கேட்கவில்லை. ஒரு தாளில் ஐந்து பாகம் எழுதினேன்: பம்ப் பிரஷர் சென்சார், டிராவல் மோட்டார் ஃப்ளோட்டிங் சீல், ஸ்விங் மோட்டார் சீல் கிட், இன்ஜெக்டர், கன்ட்ரோலர். மூன்று டீலர்களிடம் கொடுத்து, ஒவ்வொன்றும் என் கைக்கு வர எத்தனை நாள் என்று எழுதிக் கேட்டேன். இரண்டு பேர் "எல்லாம் உடனே கிடைக்கும் சார்" என்று வாயால் சொன்னார்கள். மூன்றாமவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, கன்ட்ரோலருக்கு மட்டும் 12 நாள் ஆகும், மற்ற நாலும் குடோனிலேயே இருக்கிறது என்று பாக எண்ணோடு எழுதிக் கொடுத்தார். அந்த வண்டியைத்தான் எடுத்தேன். மீட்டர் இப்போது 640 காட்டுகிறது, நின்ற நாள் கட்டத்தில் இதுவரை ஒன்றும் எழுதவில்லை.