எம் பீப்பிளின் ‘எலிகன்ட் ஸ்லம்மிங்’: பல ஆண்டு கேட்டபின்

பிரிட்டனின் நடன இசைக் குழு எம் பீப்பிளுக்காக 1993இல் டீகன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனம் வெளியிட்ட ஆல்பம். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறியது. மறு ஆண்டு கிட்டார் குழு பிளரின் ‘பார்க்லைஃப்’ முதல் நடன இசைக் குழு தி ப்ராடிஜி வரை எல்லாரையும் முந்தி, ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ், ஐரிஷ் ஆல்பத்துக்கான மெர்குரி பரிசையும் தட்டிச் சென்றது. கிட்டார் ரசிகர்கள் சிலருக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பரிசு கிடக்கட்டும், இன்றைக்குக் கேட்டால் தாங்குகிறதா?

குழுவின் பாடகி ஹெதர் ஸ்மாலின் குரல் தாங்குகிறது. அடித்தொண்டையிலிருந்து கனமாக எழும் குரல். ஹவுஸ் என்ற கிளப் நடன இசையில் அந்தக் காலத்தில் பாடகியின் ஒரே வரியை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடுவது வழக்கம். இங்கே பல்லவி, சரணம் என்று முழுப் பாட்டே இருக்கிறது. குழுவைத் தொடங்கிய மைக் பிக்கரிங் மான்செஸ்டரின் ஹசியண்டா கிளப்பில் டிஜேயாக இருந்தவர். ஆட்டக்களம் எந்த இடத்தில் சூடாகும் என்று தெரிந்தவர். ஆனாலும் தாளம் எங்கேயும் குரலை மிதித்துக்கொண்டு போவதில்லை. ‘மூவிங் ஆன் அப்’ இதற்கு நல்ல சான்று: காதலனை வெளியே போகச் சொல்லும் பாட்டு, சாக்ஸபோனோ கொண்டாட்டமாக ஊதுகிறது.

பழசாகிப்போனது கீபோர்டு ஒலிகள். அந்தப் பியானோ அடியைக் கேட்டதுமே ஆண்டைச் சொல்லிவிடலாம். இன்னொரு குறை வரிசை. சிங்கிளாக, அதாவது தனி வெளியீடாக வந்த பாடல்கள் முன்பக்கம் குவிந்திருப்பதால் பின்பாதி சோர்வாகத் தெரியும். சில முறை நடுவிலிருந்து தொடங்கிக் கேளுங்கள், அந்தப் பாடல்களுக்கும் காது கிடைக்கும். ‘டோன்ட் லுக் எனி ஃபர்தர்’ டென்னிஸ் எட்வர்ட்ஸ் 1984இல் பாடியதன் மறுஆக்கம். மூலத்தின் பேஸ் (கீழ்ஸ்தாயி) நடையை ஹிப்-ஹாப்காரர்கள் எடுத்தாளாத காலமில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.

இனி ஒலி. அந்தக் கால சிடிகளில் சத்த அளவு இன்றைய ஆல்பங்களைவிடக் குறைவு. புதுப் பாடல்களோடு கலந்து ஓடவிட்டால் மெலிந்து கேட்கும். அது பதிவின் குறையல்ல. பாட்டுச் செயலியில் எல்லாப் பாடல்களின் சத்த அளவையும் சமப்படுத்தும் வசதியைப் போடுங்கள், அல்லது வால்யூமைக் கூட்டுங்கள். பேஸை ஏற்றுவது தவறான மருந்து. 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை கூட்டினால் ஸ்மாலின் குரல் கலங்கிவிடும், ஏனென்றால் அவர் குரலின் கனம் அங்கேதான் இருக்கிறது. ஸ்பீக்கர் அறை மூலையில் இருந்தாலும் இதே கோளாறுதான். சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள்.

டிஜேக்களுக்கு ஆல்பப் பதிப்பு அவ்வளவு தோதல்ல. ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவ வெறும் டிரம் ஓடும் இடம் போதாது. 12 அங்குல வினைல் சிங்கிள்களில் வந்த கிளப் ரீமிக்ஸ்களைத் தேடுங்கள்.

எம் பீப்பிளின் ‘சர்ச் ஃபார் தி ஹீரோ’ பாட்டுக்காக இதை வாங்காதீர்கள், அது 1994இன் ‘பிசார் ஃப்ரூட்’ ஆல்பத்தில் இருக்கிறது. ‘ப்ரௌட்’டோ எம் பீப்பிள் பாட்டே அல்ல, ஸ்மால் தனியாக 2000இல் வெளியிட்டது.