செசிக்கு, அதாவது வண்டியின்ட அடிச்சட்டத்துக்கு, அடியில புகுந்து பாக்காம காசு குடுத்துடாதீங்க

அப்பாவின்ட பழைய லேண்ட்ரோவர ஒரு கராஜில திருத்தக் குடுத்து ஏமாந்த கதை இது. கராஜ் பேரை இங்க போடேல்ல, கேட்டு மெசேஜ் போடவும் வேணாம், மத்தியஸ்த சபையில கையெழுத்து வச்சு முடிச்ச விசயம். ஆனா நடந்தத சொல்லத்தான் வேணும், ஏனெண்டா இலங்கையில 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டின நாள் தொடக்கம் வளவுக்குள்ள கோழி படுத்த ஜீப்புக்கெல்லாம் ஒரு விலை வந்துட்டு, 2025ல திரும்பத் திறந்துவிட்டும் புது வாகனத்தின்ட விலையக் கேட்டுட்டு சனம் பழையபடி பழசுக்கிட்டத்தான் வருது, அதோட "ரெஸ்டோர் செஞ்சு தாறம்" எண்டு சொல்ற ஆக்களும் கூடிட்டாங்க.

எங்கட வண்டி 1968ம் ஆண்டு லேண்ட்ரோவர், சீரிஸ் டூ ஏ, 88 இஞ்சி கட்டை வண்டி, 2286 சிசி பெற்றோல் இஞ்சின். அப்பா தம்பலகாமத்து வயலுக்கு விதைநெல்லும் உரமும் ஏத்தின வண்டி. நாங்க இருக்கிறது திருகோணமலை உப்புவெளியில, ராவில அலைச் சத்தம் வீட்டுக்குள்ள கேக்கும், அப்பா போன பிறகு 11 வருசம் பின் வளவில தகரக் கொட்டிலுக்குள்ள அப்படியே நிண்டது. பொடி, அதாவது வண்டியின்ட மேல் உடம்பு, அலுமினியம் எண்டதால வெளிய பாத்தா ஒண்டுமே ஆகாத மாதிரி இருக்கும். செசி அப்படியில்ல, அது இரும்புத் தகட்ட பெட்டி மாதிரி ஒட்டிச் செஞ்சது, துரு உள்ளுக்கிருந்து தின்னும், வெளிய ஓட்டை தெரியிற நேரம் உள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். இதெல்லாம் இப்ப சொல்றன், அப்ப எனக்கு ஒண்டும் தெரியாது.

கராஜ்காரர் வீட்டுக்கே வந்து பாத்தார். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி உடைஞ்ச ஸ்பீக்கர்ல கழட்டின காந்தம் ஒண்டு கையில வச்சிருந்தன், பட்டி (பள்ளம், ஓட்டை மூடிப் பூசுற பசை) பூசின இடத்தில காந்தம் ஒட்டாது எண்டு யாரோ சொல்லித் தந்தது. மட்கார்ட்ல வச்சன், விழுந்துட்டு. கதவில வச்சன், விழுந்துட்டு. "என்ன பாஸ் முழுக்க பட்டியா?" எண்டு கேட்டன். மனுசன் சிரிச்சிட்டு "தம்பி, இது அலுமினியம், பட்டி இல்லாட்டியும் ஒட்டாது" எண்டார். எனக்கு வெக்கமாப் போச்சு. இவருக்கு வண்டி தெரியும் எண்டு அந்த இடத்திலயே நம்பிட்டன், காந்தத்தையும் மேசை லாச்சிக்குள்ள போட்டுட்டன். அத செசியில வச்சுப் பாத்திருந்தா இந்தப் பதிவே இல்ல.

பேசினது 4 லட்சத்து 80 ஆயிரம். செசிய சாண்ட் பிளாஸ்ட் பண்ணி (மணல் அடிச்சு துரு எடுத்து), இத்துப்போன இடம் வெட்டி புதுத் தகடு வச்சு வெல்டிங், பின்பக்க குறுக்குச் சட்டம் முழுக்கப் புதுசு, பிறகு பெயின்ட். 3 லட்சம் அட்வான்ஸ் குடுத்தன். பில் கேட்டதுக்கு கொப்பித் தாள் அரைவாசி கிழிச்சு "ரிப்பெயார் அட்வான்ஸ்" எண்டு எழுதித் தந்தார், அதையும் மடிச்சு பர்சுக்குள்ள வச்சுக்கொண்டு வந்த மடையன் நான்.

2 மாசம் எண்டது 9 மாசம். வெல்டிங் பாஸ் ஊருக்குப் போயிட்டாராம், கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடையள்ல சாமான் தேடுறாங்களாம், கரண்ட் இல்லையாம். இடையில போய்ப் பாக்கிற நேரமெல்லாம் பொடி ஏத்தினபடிதான் நிண்டது. என்ட கூட்டாளி ஒருத்தன் ரெண்டு தரம் கூட வந்தவன், பைபர் போட் செய்றவன், கடற்கரைப் பக்கம் பாதிப் போட்டுக்கு அவன்தான் வைத்தியம். "மச்சான் ஒருக்கா அடியில பாப்பம்" எண்டான். நான் "விடடா, மனுசன் கோவிச்சிடுவார்" எண்டன். அவன் அத இண்டைக்கும் சொல்லிக்காட்டுறான், சொல்லட்டும்.

வண்டி வந்த நாள் வடிவாத்தான் வந்தது. பச்சைப் பெயின்ட் பளபளக்குது, அடி முழுக்க தார் மாதிரி கறுப்பு. கரண்ட் எடுக்கிற பழைய டைனமோவக் கழட்டி, அதே வேலை செய்ற புது மாதிரி ஒல்டனேட்டர் போட்டுத் தந்திருந்தார், "இது நம்மட கணக்கு தம்பி" எண்டு வேற. மிச்சக் காசையும் குடுத்து, மேல 10 ஆயிரம் சந்தோசமும் குடுத்தன்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகள ஏத்திக்கொண்டு நிலாவெளிப் பக்கம் ஒரு ஓட்டம். மண் ரோட்டில ஒரு பள்ளம், பெரிசும் இல்ல, ஆட்டோ இறங்கி ஏறுற பள்ளம்தான், "டக்" எண்டு ஒரு சத்தம். வீட்ட வந்து இறங்கி கதவ சாத்தினா கதவு பூட்டுதில்ல. காலையில பூட்டின கதவு. மேல விரலளவு இடைவெளி, கீழ உரசுது.

கூட்டாளிக்கு கோல் எடுத்தன், ஜாக்கோட வந்தான். செசிக்கு ஜாக்கக் குடுத்து அடிக்கிறான் அடிக்கிறான், வண்டி உயரேல்ல. ஜாக்தான் நொறுநொறு எண்டு உள்ளுக்குப் போகுது. கீழ படுத்து ஸ்குரூட்ரைவரால அந்தக் கறுப்பச் சுரண்டினான், வெள்ளையா நார் நாரா ஏதோ வந்தது, மூக்குக்கிட்ட வச்சு மணந்து பாத்தான். "மச்சான், இது என்ட வேலையடா. இரும்பு வேலை இல்ல."

பைபர் மெட்டும் ரெசினும். போட் ஓட்டை அடைக்கிற அதே சாமான். துருவையே சுரண்டாம அதுக்கு மேல ஒட்டி, பட்டி இழுத்து, கறுப்படிச்சிருக்கு. லாச்சியில கிடந்த காந்தத்த எடுத்து வந்து வச்சுக்கொண்டே போனம், வலது பக்கத்தில முழங்கைய விட நீளத்துக்கு ஒட்டுதே இல்ல. புதுக் குறுக்குச் சட்டம் எண்டது பழையதுக்கு மேல மெல்லிய தகடு மடிச்சுப் பொத்தினது. இதில பெரிய கொடுமை, செசியில தண்ணி வடியிறதுக்கு இருக்கிற ஓட்டையளையும் சேத்து பட்டி வச்சு அடைச்சு வச்சிருக்கிறான், உள்ள போன உப்புத் தண்ணி வெளிய வர வழியில்ல. பொய் வேலை செஞ்சாலும் அதையாவது விட்டிருக்கலாம்.

பிறகுதான் பொனட்டத் திறந்து ஆறுதலாப் பாத்தம். ஒரிஜினல் செனித் காபரேட்டர் இல்ல, ஏதோ கொப்பி சாமான் நிக்குது. சும்மா தந்த ஒல்டனேட்டரின்ட கணக்கு அப்பதான் விளங்கிச்சு, லூக்கஸ் டைனமோவும் ஸ்டார்ட்டர் மோட்டரும் போன இடம் தெரியேல்ல. வண்டி விட முந்தி நான் ஒரு போட்டோ எடுக்கேல்ல, அதால அவர் "இதுதான் தம்பி இருந்தது" எண்டா எனக்கு வாய் இல்ல. நீங்க குடுக்க முந்தி இஞ்சின் சுத்திவர போட்டோ எடுங்க, நம்பர் அடிச்ச சாமானெல்லாத்தையும் கிட்டப் போய் எடுங்க. செசி நம்பரையும் மறக்க வேணாம், இந்த மொடலுக்கு அது வலது பக்க முன் ஸ்பிரிங் மாட்டுற பிராக்கெட்டில அடிச்சிருக்கும், அந்த இடத்த கிரைண்டர் போட்டு வழிச்சிட்டா பிறகு வண்டிப் புத்தகத்த வச்சுக்கொண்டு ஆர்எம்வி (வாகனம் பதியிற கந்தோர்) வழிய அலைய வேண்டியதுதான்.

கோல் பண்ணினா முதல் "கொண்டு வாங்க தம்பி பாப்பம்", பிறகு "உப்புக்காத்து தம்பி, நாங்க என்ன செய்ய", பிறகு கோலே எடுக்கிறதில்ல. கடைசியில மத்தியஸ்த சபைக்குப் போனன், ரெண்டு தவணை வரேல்ல, மூண்டாம் தரம் வந்து 90 ஆயிரம் தர ஒத்துக்கொண்டார். கையில இருந்தது அந்த அரைத் தாள் மட்டும்தான், அதில சாண்ட் பிளாஸ்ட் எண்டோ தகடு எண்டோ ஒரு சொல்லும் இல்ல, எத வச்சு நான் கூடக் கேக்கிறது. நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 எண்டு நம்பர் இருக்கு, அதுக்கும் நல்ல பில் கையில இருந்தாத்தான் கதைக்கலாம்.

இப்ப வேலை எங்கட வளவில நடக்குது. போல்ட்டுகளக் கழட்டி, பக்கத்து வீட்டுப் பெடியள் ஆறு பேர் பிடிச்சு பொடியத் தூக்கி டயருக்கு மேல வச்சிருக்கு. வெல்டிங் தெரிஞ்ச ஒருவர் நாள் சம்பளத்துக்கு வாறார், 3 மில்லிமீட்டர் தகடு, வெட்டின துண்ட எனக்குக் காட்டிட்டுத்தான் புதுசு ஒட்டுறார். கூட்டாளி ஞாயிறு தவறாம வாறான், பைபர எங்கயும் தொட மாட்டன் எண்டு சபதம்.

ஒரு விசயம் மட்டும் கேக்கிறன். பழைய செனித் காபரேட்டர் ஒண்டு, மேல மூடியில ஒரு ஸ்குரூ மட்டும் பித்தளை, தலை ஒரு பக்கம் தேஞ்சது, ஆராவது விக்க கொண்டு வந்தா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. அந்த ஸ்குரூ அப்பா போட்டது, காசு குடுத்தே வாங்குறன்.