'வேக் இன் ஃப்ரைட்': எந்தப் பிரதியைத் தேடுவது?

கண்ணுக்குக் குளிர்ச்சியாக எதுவும் பட்டுவிடக் கூடாது என்பதற்காக, நீலத்தையும் பச்சையையும் முடிந்தவரை ஒதுக்கிவிட்டு எடுத்த படம் இது. 1971-ல் வந்தது. இயக்கியவர் டெட் கோட்செஃப். பின்னாளில் முதல் ராம்போ படத்தை எடுத்தவரும் இவர்தான். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் வேலை பார்க்கும் பள்ளி ஆசிரியர் ஒருவர் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு சிட்னி கிளம்புகிறார். வழியில் பண்டன்யாபா என்ற சுரங்க ஊரில் ஒரு ராத்திரி மட்டும் தங்க வேண்டும். இரண்டு காசைச் சுண்டி ஆடும் 'டூ-அப்' சூதாட்டத்தில் கையிலிருந்த பணம் மொத்தமும் போய்விடுகிறது. அப்புறம் பீர், வெயில், புழுதி, விடாமல் உபசரிக்கும் மனிதர்கள். பண்டன்யாபா கற்பனைப் பெயர். படமாக்கியது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ப்ரோக்கன் ஹில் வட்டாரத்தில்.

இந்தப் படத்தில் வெயில் வெறும் பின்னணி அல்ல, அதுவே கதை. அதனால் எந்தப் பிரதியில் அந்தச் சூடு உயிரோடு இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பழைய டிவி ஒளிபரப்பிலிருந்தோ டேப்பிலிருந்தோ எடுத்து இணையத்தில் ஏற்றிய பிரதி சுலபமாகக் கையில் சிக்கும். காசும் செலவில்லை. ஆனால் நிறம் வெளுத்திருக்கும், ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும், இரவுக் காட்சிகளில் முகமே தெரியாது. கொதிக்க வேண்டிய ஆரஞ்சு, சாயம்போன துணி மாதிரி ஆகிவிடும். கதை புரியும், படம் புரியாது. முதல் தடவை பார்ப்பவர் இதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

இப்படிப்பட்ட பிரதிகளை விட்டால் வேறு கதியில்லை என்ற காலம் உண்மையிலேயே இருந்தது. பிரதிகள் எடுப்பதற்கான மூலப் படச்சுருள், அதாவது நெகட்டிவ், எங்கே என்றே பல ஆண்டுகள் தெரியவில்லை. படத்தொகுப்பாளர் ஆண்டனி பக்லி விடாமல் தேடி, 2004-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் கிடங்கு ஒன்றில் அதைக் கண்டுபிடித்தார். பெட்டிகளின் மேல் 'அழிப்பதற்கு' என்று எழுதியிருந்தது. அவர் கொஞ்சம் தாமதித்திருந்தாலும் நாம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அதிலிருந்து சீரமைத்த பதிப்பு 2009-ல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில், பழைய படங்களுக்கான கிளாசிக்ஸ் பிரிவில் ஓடியது. 1971-ல் போட்டியில் கலந்துகொண்ட அதே விழா! இன்று முறையாக விற்கும் டிஸ்க்குகள் இந்தச் சீரமைப்புக்குப் பின் வந்தவை.

டிஸ்க் என்று முடிவெடுத்தால் ஆஸ்திரேலியாவின் மேட்மேன், பிரிட்டனின் யுரேகா, அமெரிக்காவின் டிராஃப்ட்ஹவுஸ் ஆகிய நிறுவனங்களின் வெளியீடுகள் உண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ப்ளூ-ரேயில் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் பி மண்டலம், அமெரிக்கா ஏ மண்டலம். உங்கள் பிளேயர் எந்த மண்டலத்துக்கானது என்று பார்க்காமல் வாங்கினால் வட்டத் தகடு மட்டும்தான் மிஞ்சும். எல்லா மண்டலத்தையும் ஓட்டும் பிளேயர் இருந்தால் கவலையே இல்லை. டிவிடி மலிவாகக் கிடைக்கிறதே என்றால், சரி, வாங்கலாம். ஆனால் ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளின் 'பால்' (PAL) என்ற டிவி முறையில் வந்த டிவிடிகளில் பொதுவாக விநாடிக்கு 24 சட்டகங்கள் 25 ஆக ஓடும். வேகம் 4 சதவீதம் கூடும். ஏறக்குறைய 109 நிமிடப் படம் நான்கைந்து நிமிடம் முன்னாலேயே முடிந்துவிடும். மெல்ல மெல்ல மூச்சை அடைக்க வேண்டிய படத்துக்கு அது நல்லதில்லை. நான் ப்ளூ-ரே பக்கம்தான். படம் ஓடும்போதே கோட்செஃப்பும் பக்லியும் சேர்ந்து அதைப் பற்றிப் பேசும் கமெண்டரி இருக்கிற வெளியீடாக எடுத்தால் இன்னும் நல்லது. ஆங்கில சப்டைட்டில் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க் கொச்சை ஆங்கிலம் பழகிய காதுக்கே சட்டென்று பிடிபடாது.

ஸ்ட்ரீமிங்கில் அகப்பட்டால் தாராளமாகப் பாருங்கள். உரிமம் முடிந்ததும் காணாமல் போய்விடும் என்பதால் அதை நம்பிக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

திரைப்பட விழாவிலோ ஆவணக் காப்பகத் திரையிடலிலோ பெரிய திரையில் பார்க்க வாய்ப்பு வந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுப் போக வேண்டும். தொடக்கக் காட்சியில் ரயில்பாதையின் இரு பக்கமும் ஒன்றுமே இல்லாமல் விரியும் சமவெளி அங்கேதான் முழுசாகப் புரியும். ஒரு எச்சரிக்கை மட்டும்: கங்காரு வேட்டைக் காட்சி நடிப்பு அல்ல. உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களின் உண்மையான வேட்டையைப் படம்பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். தாங்க முடியாதவர்கள் வீட்டில் ஓட்டித் தாண்டிவிடலாம், அரங்கில் அது முடியாது. அவர்களுக்கு டிஸ்க்தான் சரி.

தேடும்போது 1971 என்ற ஆண்டையும் சேர்த்துத் தட்டுங்கள். இதே பெயரில் 2017-ல் ஒரு டிவி தொடர் வந்திருக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படம் அன்று 'அவுட்பேக்' என்ற பெயரில் வெளியானது. பழைய பிரதி எதிலாவது அந்தப் பெயரைக் கண்டால், அதுவும் இதே படம்தான்.