சுவிட்சுகளைக் கண்காணிக்க எது ஏற்றது: லிப்ரே என்.எம்.எஸ்., ஸாபிக்ஸ், பிரொமீதியஸ்

சில நூறு சுவிட்சுகளும் ரௌட்டர்களும், வெளியூர்களில் சில கிளை அலுவலகங்களும், இவற்றைப் பார்த்துக்கொள்ள இரண்டு மூன்று பேரும் உள்ள ஒரு நிறுவனம் உரிமக் கட்டணமில்லாத கண்காணிப்பு மென்பொருளைத் தேடினால், இறுதிச் சுற்றில் பெரும்பாலும் இந்த மூன்றுமே மிஞ்சும். நேரடியாகவோ இடையில் ஒரு தரவுத்தளத்தை வைத்தோ மூன்றின் அளவீடுகளையும் வரைபடத் திரைகள் அமைக்கும் கிராஃபானாவில் வரைந்துவிடலாம் என்பதால், திரையைப் பார்த்து மட்டும் வேறுபாட்டைக் கண்டறிய இயலாது. அவை எதற்காகப் பிறந்தன என்பதே தெளிவான வேறுபாடு. லிப்ரே என்.எம்.எஸ். 2013இல் அப்சர்வியம் என்ற கண்காணிப்பு மென்பொருளிலிருந்து கிளைத்தது. நெட்வொர்க் கருவிகளே அதன் மையம். லாட்வியாவின் அலெக்ஸி விளாடிஷெவ் 2001இல் வெளியிட்ட ஸாபிக்ஸ், சர்வர் முதல் சுவிட்ச் வரை அனைத்தையும் ஒரே இடத்தில் பார்க்க முனைவது. 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் உருவான பிரொமீதியஸோ, தோன்றியும் மறைந்தும் கொண்டிருக்கும் சேவைகளுக்கானது. சுவிட்சுகள் அதன் தொடக்கத் திட்டத்தில் இல்லை.

நிறுவிய முதல் நாளில் லிப்ரே என்.எம்.எஸ். மற்ற இரண்டையும் எளிதாக முந்திவிடுகிறது. மைய சுவிட்ச் ஒன்றின் முகவரியையும் எஸ்.என்.எம்.பி. (கருவிகளிடம் நிலவரம் கேட்கும் நெறிமுறை) விவரங்களையும் தந்து, எந்தெந்த முகவரி வரம்புகளுக்குள் தேடலாம் என்றும் குறிப்பிட்டுவிட்டால், எல்.எல்.டி.பி., சி.டி.பி., ஓ.எஸ்.பி.எஃப். ஆகிய நெறிமுறைகள் வழியே அண்டைக் கருவிகளை அதுவே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். ஸாபிக்ஸும் கருவிகளையும் போர்ட்டுகளையும் தானே கண்டறியும் என்றாலும், எதை அளப்பது, எப்போது எச்சரிப்பது என்று சொல்லும் டெம்ப்ளேட்டுகளைத் தன் தேவைக்கேற்பச் செதுக்கும் வேலை நிர்வாகிக்கு நிறையவே மிஞ்சும். பிரொமீதியஸில், எஸ்.என்.எம்.பி. பதில்களை அதற்குப் புரியும் வடிவாக்கும் எஸ்.என்.எம்.பி. எக்ஸ்போர்ட்டரை இடையில் நிறுத்த வேண்டும். பரவலாகப் புழங்கும் கருவிகளுக்கு ஆயத்த அமைப்புகள் உண்டு, அவற்றில் இல்லாத கருவி வந்துவிட்டால் அதன் அளவீடுகளை விவரிக்கும் எம்.ஐ.பி. கோப்புகளைத் தேடியெடுத்து அமைப்புக் கோப்பை நாமே உருவாக்க வேண்டும்.

அளவீட்டு இடைவெளி எவ்வளவு என்று மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பு யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுதான். லிப்ரே என்.எம்.எஸ். இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கருவிகளைக் கேட்கிறது. ஒரு ஜிகாபிட் போர்ட் அந்த ஐந்து நிமிடங்களில் 20 நொடிகள் முழுக் கொள்ளளவில் திணறிவிட்டு மீதி நேரம் வெறுமனே கிடந்தால், வரைபடம் காட்டுவது ஏறத்தாழ 67 மெகாபிட் மட்டுமே. பயனர் அழைப்பு துண்டாகிறது என்று புகார் சொல்ல, நிர்வாகியோ சமதளமான கோட்டைக் காட்டி மறுத்துக்கொண்டிருப்பார். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றலாம். ஆனால் ஏற்கெனவே சேர்ந்துள்ள ஆர்.ஆர்.டி. என்ற அளவீட்டுக் கோப்புகளையும் உருமாற்ற வேண்டும். ஸாபிக்ஸில் ஒவ்வோர் அளவீட்டுக்கும் தனித்தனி இடைவெளி வைக்கலாம் என்பதால், மேல்நிலைச் சுவிட்சோடு இணைக்கும் முக்கிய அப்லிங்க் போர்ட்டுகளை 30 நொடிக்கு ஒருமுறையும் மற்றவற்றை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் பார்ப்பது இயல்பான நடைமுறை. பிரொமீதியஸை 15 நொடிக்கு ஒருமுறை ஓட்டுவது சர்வர்களுக்கு வழக்கமானதே. நூற்றுக்கணக்கான போர்ட்டுகள் உள்ள பெரிய சுவிட்சோ முழு அட்டவணையையும் ஒப்பிக்க அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது குறை மென்பொருளுடையது அன்று, எஸ்.என்.எம்.பி.யுடையது, கருவியே தரவை அனுப்பும் ஜி.என்.எம்.ஐ. முறைக்கு மாறுவதே தீர்வு, அந்தத் தரவை இடையில் ஒரு சேகரிப்பான் வழியே பெற பிரொமீதியஸ் பொருத்தமான இடம்.

பழைய தரவைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழாகிறது. பிரொமீதியஸ் இயல்பாக 15 நாள்களுக்கே தரவை வைத்திருக்கும். அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு அலைவரிசை வாங்குவது என்று கணக்கிட தானோஸ் போன்ற இன்னொரு சேமிப்பு அமைப்பையும் நடத்த வேண்டும். ஸாபிக்ஸ் மணிக்கொருமுறை குறைந்த, சராசரி, உயர்ந்த மதிப்புகளைத் தனியே எழுதி நீண்ட காலம் காக்கிறது; அதற்கு ஈடாகத் தரவுத்தளம் பருத்துக்கொண்டே போகும் என்பதால் காலவரிசைத் தரவுக்கான டைம்ஸ்கேல்டிபியைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது.

எச்சரிக்கைகளில்தான் என் சாய்வு ஸாபிக்ஸ் பக்கம் போகிறது. கிளை அலுவலகத்தின் இணைப்பு ஒன்று அறுந்தால், அதன் பின்னாலுள்ள நாற்பது கருவிகளும் இறந்துவிட்டதாகவே மையத்துக்குத் தோன்றும். நள்ளிரவில் நாற்பது குறுஞ்செய்திகளைப் பெறுபவர் விரைவில் எல்லா எச்சரிக்கைகளையும் புறக்கணிக்கப் பழகிவிடுவார். எது எதைச் சார்ந்தது என்று குறிக்கும் வசதி மூன்றிலும் ஏதேனும் ஒரு வடிவில் உண்டு. பிரொமீதியஸின் விதிகள் உரைக்கோப்புகளாக கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் வைக்கலாம் என்பதால், யார் எப்போது எதை மாற்றினார் என்பதும் தெரியும். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தமானது. ஆனால் கிளையில் வைக்கப்படும் ஸாபிக்ஸ் பிராக்ஸி, இணைப்பு அறுந்த நேரத்திலும் அளவீடுகளைத் தன்னிடமே சேர்த்து வைத்து, இணைப்பு மீண்டதும் மையத்துக்கு அனுப்பிவிடும். லிப்ரே என்.எம்.எஸ்.ஸின் கருவிகளைக் கேட்கும் பகிர்ந்த போலர்கள் மையத் தரவுத்தளத்தோடு தொடர்பில் இருந்தாக வேண்டியவை. ஆகவே பழுது நிகழ்ந்த அந்த அரைமணி நேரமே வரைபடத்தில் வெற்றிடமாகிவிடும்.

ஸாபிக்ஸ் 7.0 முதல் ஏ.ஜி.பி.எல். (மாற்றிய நிரலை இணையம் வழியே பயன்படுத்துவோருக்கும் தர வேண்டிய திறமூல உரிமம்) உரிமத்துக்கு மாறியது; மாற்றங்கள் செய்யாமல் உள்ளகப் பயன்பாட்டுக்கு நிறுவுபவரை இது பாதிக்காது.

ஒரே வளாகத்துக்குள் அடங்கிய கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ லிப்ரே என்.எம்.எஸ். போதும், கருவிகளின் கான்ஃபிகரேஷன்களைச் சேமிக்கும் ஆக்ஸிடைஸ்டை உடன் இணைத்தால், ஒவ்வொரு சுவிட்சின் கான்ஃபிகரேஷனில் நேர்ந்த மாற்றங்களும் அதே திரையில் கிடைக்கும். நம்பகமற்ற இணைப்புகளில் தொங்கும் கிளைகள் பல இருந்தால் ஸாபிக்ஸ். சர்வர் குழு ஏற்கெனவே பிரொமீதியஸை நடத்திவரும் இடத்தில் மட்டும், மைய சுவிட்சுகளின் அப்லிங்க்குகளை அதில் சேர்த்துவிட்டு, மற்ற சுவிட்சுகளை லிப்ரே என்.எம்.எஸ்.ஸிடம் விடுவேன்.