‘பறக்கும் நேரம் 3 மணி’ என்று காட்டி டிக்கெட் விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

இரண்டு சின்ன விமான நிலையங்களுக்கு நடுவே பயணம் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தூரம் சுமார் 2,000 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 3 மணி என்று ஒரு இணையதளம் காட்டியது. அதன் கீழேயே டிக்கெட் வாங்கும் பொத்தான். அழுத்தினால் ஒரு ஏஜென்சி வந்தது. போனில் கேட்டதற்கு, "3 மணி நேரம்தான் சார், நடுவுல ஒரு சின்ன கனெக்ஷன்" என்றார்கள். கூட வருவது வயதான அப்பா என்பதால் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பணம் கட்டினேன்.

அந்த 3 மணி எப்படி வருகிறது தெரியுமா? இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். அதை மணிக்கு 800 கிலோமீட்டர் போன்ற ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்க்கிறார்கள். அவ்வளவுதான். அந்தத் தடத்தில் விமானம் ஓடுகிறதா என்பதே இந்தக் கணக்கில் கிடையாது. சின்ன நிலையங்களுக்குப் பெரும்பாலும் ஏடிஆர் 72 மாதிரி புரொப்பெல்லர் (சுழலும் விசிறி) வைத்த சிறிய விமானங்கள்தான் வரும். அவற்றின் வேகம் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர். ஆட்கள் நிரம்பியிருந்தால் 2,000 கிலோமீட்டரை நிற்காமல் தாண்டவும் முடியாது. ஆக, நேர் விமானம் என்பது அங்கே வெறும் கற்பனை.

இதைவிடப் பெரிய மோசடி அந்த 'சின்ன கனெக்ஷன்'. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டவைத்து ஒரே பயணம் போல விற்றிருக்கிறார்கள். முதல் விமானம் தாமதம். இறங்கி, லக்கேஜுக்குக் காத்திருந்து, வெளியே போய் மறுபடி செக்-இன் வரிசைக்கு வந்தால் கவுன்டர் மூடியாகிவிட்டது. "உங்க முதல் விமானத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்றார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான். எங்கள் ஊருக்கு அடுத்த விமானம் மறுநாள்தான். அப்பா ராத்திரி முழுக்க இரும்பு நாற்காலியில் கால் வீங்க உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. புது டிக்கெட்டுக்கும் நாங்கள்தான் பணம் கட்டினோம்.

ஏஜென்சி தரும் புக்கிங் எண் ஒன்றே ஒன்று இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அது அவர்களின் சொந்த எண்ணாக இருக்கலாம். 13 இலக்க இ-டிக்கெட் எண்ணைக் கேளுங்கள். இரண்டு விமானத்துக்கும் அது ஒன்றாக இருந்தால், முதலாவது தாமதமானாலும் உங்களை ஊர் சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. லக்கேஜ் கடைசி நிலையம் வரை நேராகப் போகுமா என்றும் கேளுங்கள். அப்புறம், புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். நேர மண்டலம் மாறினால் வெறுமனே கழித்துப் பார்ப்பது தவறான விடை தரும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, நாங்கள் விமானத்துக்கு வரவில்லை என்று பதிவாகியிருப்பதால் எதுவும் கிடையாது என்று ஏஜென்சி கைவிரித்துவிட்டது. கார்டு கொடுத்த வங்கியில் புகார் கொடுத்திருக்கிறோம். '3 மணி' என்று காட்டிய அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்தான் இப்போது எங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று. நீங்களும் பணம் கட்டும் முன் எடுத்து வையுங்கள்.