மாக்ஸ் ரோச்சின் ‘டிரம்ஸ் அன்லிமிடெட்’: டிரம் வாசிப்பவர்களுக்கு மூன்று தனிகள்

ஜாஸ் டிரம் கலைஞர் மாக்ஸ் ரோச்சை ஒரே இசைத்தட்டில் படிக்க வேண்டுமென்றால், அட்லாண்டிக் நிறுவனம் 1966இல் வெளியிட்ட ‘டிரம்ஸ் அன்லிமிடெட்’டைத்தான் எடுக்க வேண்டும். 1940களில் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கருக்கு வாசித்து, பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியின் டிரம்மிங்குக்கு வடிவம் கொடுத்தவர், 1954இல் டிரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுனோடு சேர்ந்து குழு நடத்தியவர். இந்தத் தட்டு வந்தபோது அவருக்கு வயது 42. வேகத்தைக் காட்டி அசத்தும் வயதைக் கடந்தவரின் வாசிப்பு இது.

மொத்தம் ஆறு உருப்படிகள். 1, 3, 5 மூன்றும் வேறு வாத்தியமே இல்லாத டிரம் தனிகள். மூன்றையும் கூட்டினால் சுமார் 11 நிமிடம்தான், ஆனால் தட்டின் விலை அதற்கே தகும்.

முதல் உருப்படி ‘தி டிரம் ஆல்ஸோ வால்ட்ஸஸ்’. வால்ட்ஸ் என்ற மூன்று எண்ணிக்கைத் தாளம்: 1இல் பாஸ் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), 2இலும் 3இலும் ஹை-ஹாட் (காலால் மூடும் ஜோடித் தாளத்தட்டு). கால்கள் தாளம் போட, கைகள் தனி ஆவர்த்தனம் வாசிக்கின்றன. ரோச் ஒரு சொற்றொடரை வாசித்துவிட்டு நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் கால்கள் மட்டும் ஓடுகின்றன. பிறகு அதே சொற்றொடரைச் சற்றே மாற்றிக் கொண்டுவருகிறார். நகலெடுப்பவர்கள் பெரும்பாலும் அடிகளை எடுத்துக்கொண்டு இந்த மௌனத்தை விட்டுவிடுகிறார்கள்.

பழகும்போது மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 எண்ணிக்கையில் வைத்து, ஐந்து நிமிடம் கால்களை மட்டும் ஓட்டுங்கள். அடுத்து ஸ்னேரில் (அடியில் கம்பிச்சுருள் அதிரும் சிறு டிரம்) எண்ணிக்கைக்கு ஒரு அடி, பிறகு மூன்று அடி. ஹை-ஹாட்டை அடுத்தடுத்து இருமுறை மூட வேண்டியிருப்பதால் 3ஆம் எண்ணிக்கை முந்தி ஓடும். மெட்ரோனோமை 20க்கு இறக்கி, 1இல் மட்டும் ஒலிக்கவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இன்னொரு சிக்கல், கை அழுத்தும்போது பாஸ் டிரம்மும் கூடவே பலமாகிவிடுவது. குதிகாலைப் பெடலில் ஊன்றி வாசித்தால் அது அடங்கும்.

சுதியும் கவனிக்க வேண்டியது. ரோச்சின் டாம்களும் (கம்பிச்சுருள் இல்லாத டிரம்கள்) ஸ்னேரும் இறுக்கமாக, உயர்ந்த சுதியில் இருக்கும். ஒவ்வொரு டிரம்மும் தனி ஸ்வரமாகப் பிரிந்து கேட்பதால்தான் தனிக்கு ஒரு மெட்டு கிடைக்கிறது. டாம்களைத் தளர்த்தி, பாஸ் டிரம்முக்குள் தலையணை திணித்த செட்டில் இதை வாசித்தால் வெறும் தடதடப்புதான் மிஞ்சும்.

ஐந்தாவதான ‘ஃபார் பிக் சிட்’, 1951இல் மறைந்த டிரம் கலைஞர் சிட் கேட்லெட்டுக்கு அஞ்சலி. ஒரு சின்னத் தாளக்கருவை வைத்தே மூன்று நிமிடத்தைக் கட்டுகிறார். தனி வாசிக்கத் தொடங்குபவர் வால்ட்ஸுக்கு முன் இதைப் பழகுவது எளிது.

குழு உருப்படிகளில் ஃப்ரெடி ஹப்பர்டின் டிரம்பெட்டுக்காக ‘நோம்மோ’வைக் கேட்கலாம். ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ இல்லாவிட்டாலும் தட்டுக்கு நஷ்டமில்லை. கடைசி உருப்படி 12 நிமிடத்துக்கு மேல், பொறுமை வேண்டும்.

கைபேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பாஸ் டிரம்மின் முதல் எண்ணிக்கை அதில் காணாமல் போய்விடும், வால்ட்ஸ் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாது.